நேமி ஏரியில் கிடந்தவை உண்மையிலேயே கலிகுலாவின் உல்லாசக் கப்பல்களா?

இத்தாலியில் நேமி என்ற ஏரியின் அடியில் ரோமப் பேரரசர் கலிகுலாவின் உல்லாசக் கப்பல் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்ததாகப் படித்தேன், அது உண்மையா, அதை அங்கே விட்டது யார், இப்போது அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமான விடை இதுதான்: கப்பல் இருந்தது உண்மை, ஒன்றல்ல, இரண்டு, கலிகுலாவின் காலத்தோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு என்பதும் உறுதி, இன்று இரண்டுமே இல்லை. ஆனால் கேள்வியைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், அவர் அறிய விரும்புவது இதற்கும் மேலே ஒன்று என்று தோன்றுகிறது. இரவு விருந்தும் கூத்தும் நடந்த மிதக்கும் மாளிகை என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அதை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் யார் என்பதுதான் அவருடைய ஐயத்தின் அடியில் இருக்கும் கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

நீரில் ஊறிய பழைய மரப்பொருள்களைப் பேணும் துறையில் பயின்று அதிலேயே பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நேமி கப்பல்கள் எங்கள் துறையில் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லப்படும் கதை. மரம், ஈயம், சேறு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். ரோம அரசியல் வரலாற்றைப் பொறுத்தவரை, மூலநூல்களை மொழிபெயர்ப்பில் படித்த ஒரு வாசகனுக்கு உள்ள தகுதிதான் எனக்கும் உண்டு. அந்த இடங்களில் என் சொல்லுக்கு அந்த அளவு மதிப்பே கொடுங்கள்.

முதலில் இடம். ரோம் நகரத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அல்பான் குன்றுகளுக்கிடையே, அணைந்துபோன எரிமலை வாயில் நீர் நிரம்பி உண்டான ஏரி இது. இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புகூட இல்லை. சுற்றிலும் செங்குத்தான சரிவுகள். வடகரையில் தியானா தெய்வத்தின் கோயிலும் அதைச் சூழ்ந்த புனித வனமும் இருந்தன; அதனால் ஏரிக்கே தியானாவின் கண்ணாடி என்ற பெயர் உண்டு. அந்தக் கோயிலின் பூசாரி பதவிக்கு வரும் முறை விசித்திரமானது: தப்பியோடி வந்த அடிமை ஒருவன், இருக்கும் பூசாரியைச் சண்டையில் கொன்று அவன் இடத்தில் அமர வேண்டும். நெடுநாள் உயிரோடு இருந்துவிட்ட ஒரு பூசாரிக்கு எதிராகக் கலிகுலா வலுவான ஒருவனைத் தூண்டி அனுப்பினான் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். கலிகுலாவுக்கு நேமியோடு இருந்த ஈடுபாட்டை எழுத்தில் காட்டும் சான்று இந்த ஒரு வரிதான், அதிலும் கப்பல் பற்றிய பேச்சு இல்லை.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். சூட்டோனியஸ் கலிகுலாவின் கப்பல்களைப் பற்றி வேறோர் இடத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார்: மணிகள் பதித்த பின்புறம், பல வண்ணப் பாய்கள், குளியலறைகள், தூண் வரிசைகள், விருந்துக்கூடங்கள், திராட்சைக் கொடிகளும் பழமரங்களும் வைத்த தளம், பகலிலேயே ஆடலும் பாடலுமாக அவற்றில் சாய்ந்தபடி பயணம். வாசிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பல்கள் ஓடியது கம்பானியாவின் கடற்கரை ஓரமாக. அது நேமியிலிருந்து விலகியிருக்கும் வேறு பகுதி. அவை கடலில் ஓடிய கப்பல்கள், இவை ஏரியில் கிடந்தவை. அந்தப் பத்தியை எடுத்து நேமி கப்பல்களின் மேல் ஒட்டியது பிற்காலத்தவர். சூட்டோனியஸும் கலிகுலா இறந்து ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர், அவனை வெறுத்த மரபிலிருந்து செய்தி திரட்டியவர். நேமி ஏரியில் கிடந்த இந்த இரு கப்பல்களைப் பற்றி அக்காலத்து எழுத்து எதுவும் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆகவே கூத்தும் களியாட்டமும் நடந்ததாகப் படிக்கும் ஒவ்வொரு வாக்கியமும் இரவல் வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்ததற்கு இந்தக் கப்பல்களில் சான்று இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இதே வகையில் இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏரி புனிதமானது என்பதால் அதில் படகு விடவே தடை இருந்தது, கலிகுலா அதை மீறினான் என்பார்கள். சான்றாக ரோம எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடிதம் வாதிமோன் என்ற வேறோர் ஏரியைப் பற்றியது. நேமிக்கு அப்படி ஒரு தடை இருந்ததாக அதில் இல்லை.

அப்படியானால் கலிகுலாவின் பெயர் எங்கிருந்து வந்தது? கப்பலிலிருந்தே வந்தது, இந்தக் கதையிலேயே மிக உறுதியான பகுதியும் இதுதான். கப்பலுக்குள் நீர் கொண்டுசென்ற ஈயக் குழாய்களில் உரிமையாளரின் பெயர் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருந்தது: கயஸ் சீசர் அகஸ்டஸ் ஜெர்மானிகஸ். கலிகுலா என்று நாம் அறிந்தவரின் ஆட்சிப்பெயர் அது. அவர் ஆண்டது கி.பி. 37 முதல் 41 ஜனவரி வரை, நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. குழாய் வார்க்கப்பட்ட காலத்தை இவ்வளவு குறுகிய எல்லைக்குள் அடைப்பது தொல்லியலில் அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு. கண்டிப்பாகப் பேசினால், குழாயின் காலம் குழாயின் காலம் மட்டுமே. கப்பலின் அடிமரத்தை எப்போது நாட்டினார்கள் என்று அது சொல்லாது. இருந்தாலும் இப்படிப்பட்ட குழாய் அமைப்பு கட்டும்போதே திட்டமிட்டு வைக்கப்படுவது என்பதால், கப்பல்களையும் அந்த ஆட்சிக்காலத்தில் வைப்பதே நேரிய முடிவு என்று கருதுகிறேன். இந்த முத்திரைகள் வெளிப்படுவதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி எழுதிய லியோன் பத்திஸ்தா ஆல்பர்த்தி இதை டிராஜன் பேரரசரின் கப்பல் என்றே குறிப்பிட்டார். அது ஊர்ப்பேச்சு. குழாய் பேசத் தொடங்கியதும் ஊர்ப்பேச்சு ஓய்ந்தது.

இனி, கப்பல்கள் எப்படி இருந்தன. முதலாவது ஏறத்தாழ 71 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. இரண்டாவது 73 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். இந்த எண்களைச் சும்மா கடந்துபோகக் கூடாது. தென் பிரான்சின் கடலடியில் ஆராயப்பட்ட மாத்ராக் தெ ஜியென் வணிகக் கப்பல், கிடைத்த ரோமக் கப்பல்களில் பெரியவற்றுள் ஒன்று; அதுவே 40 மீட்டர் அளவுதான். அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீளமுள்ள மரக்கலத்தை, குறுக்கே இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத நீர்ப்பரப்பில் கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். எகிப்திலிருந்து கல்தூணைக் கொண்டுவரக் கலிகுலா கட்டிய பெருங்கப்பலைப் பற்றி மூத்த பிளினி எழுதியதை மிகை என்று தள்ளியவர்கள் உண்டு; நேமியில் அளவுநாடா வைத்த பிறகு அப்படித் தள்ளுவது கடினமாகிவிட்டது.

தளத்தின் மேல் கட்டடங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. மொசைக் தரைத் துண்டுகள், சலவைக்கல் பலகைகள், சுட்ட மண் ஓடுகள், சிறு தலையுருவங்களைத் தாங்கிய வெண்கலக் கைப்பிடிச் சுவர், வளையத்தைப் பல்லில் கவ்விய சிங்கம், ஓநாய், சிறுத்தை ஆகியவற்றின் வெண்கலத் தலைகள், ஒரு மெடூசா முகம் ஆகியவை கிடைத்திருக்கின்றன. அந்த விலங்குத் தலைகள் பெரிய விட்டங்களின் முனைகளில் பொருத்தப்பட்டவை; வார்ப்பு வேலையின் தரம் அரண்மனைக்குரியது. இவற்றையெல்லாம் வைத்து ஒரு கப்பலை அரண்மனை என்றும் மற்றதைக் கோயில் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. முதல் கப்பலுக்குத் தானாக நகரும் வழி தெரியவில்லை, மற்றொரு படகு அதை இழுத்திருக்க வேண்டும். இரண்டாவது கப்பலில் துடுப்பு வலிப்பவர்களுக்கு இடம் இருந்தது. இந்த வேறுபாடு உண்மை. அதிலிருந்து எது கோயில், எது மாளிகை என்று தாவுவது ஊகம். தியானாவின் கோயில் கரையிலேயே இருந்ததாலும், கலிகுலாவுக்கு எகிப்தியத் தெய்வமான இசிஸ் வழிபாட்டில் நாட்டம் இருந்ததாகக் கருதப்படுவதாலும், கப்பல்களுக்கு வழிபாட்டுப் பயன் இருந்திருக்கலாம் என்பது நியாயமான கருத்து. எகிப்தின் தாலமி அரசர்கள் நைல் நதியில் மிதக்கும் மாளிகைகள் வைத்திருந்தார்கள், அவற்றைப் பார்த்து இவர் செய்தார் என்பதும் நியாயமான கருத்து. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்வதற்கும் தடை இல்லை. ரோமப் பேரரசர் ஒருவருக்கு வழிபாடும் காட்சியும் இன்பமும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. நாம்தான் இது உல்லாசம், இது பக்தி என்று கோடு கிழித்துவிட்டு, கப்பல் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம்.

என் துறைக்கு நெருக்கமான பகுதி கப்பலின் உடல். மத்தியதரைக் கடலோரத்து முறைப்படி, பலகையின் விளிம்பில் பொளி வெட்டி, அதில் மரக் கழுந்தைச் செருகி, அடுத்த பலகையை அதன் மேல் இறக்கி, முளை அடித்து இறுக்கி, முதலில் வெளிக்கூட்டையும் பிறகு உள்ளே விலா மரங்களையும் அமைத்திருக்கிறார்கள். பலகைகளுக்கு வெளியே நிலக்கீல் பூசிய கம்பளித் துணி, அதற்கும் மேலே மெல்லிய ஈயத் தகடுகள், செப்பு ஆணிகள். ஈயத் தகடு போடுவது கடற்புழு மரத்தைத் துளைக்காமல் இருப்பதற்காக. நேமி நன்னீர் ஏரி. அங்கே கடற்புழு கிடையாது. தேவையில்லாத இடத்தில் இவ்வளவு ஈயத்தைச் செலவழித்தது ஏன்? கடற்கப்பல் கட்டும் தச்சர்களைக் கொண்டுவந்து, அவர்கள் அறிந்த முறையிலேயே கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நீர்க்கசிவைத் தடுக்கவும் அது உதவியிருக்கும். எப்படியானாலும் அந்த வீண்செலவுதான் பிற்காலத்தில் மரத்தைக் காத்தது.

கப்பல்களோடு கிடைத்த கருவிகளில் சில, ரோமர்களின் தொழில்நுட்பம் பற்றிய பாடநூல்களையே திருத்த வைத்தன. மரத்தால் ஆகி ஈயக் குறுக்குத் தண்டு பூட்டிய பெரிய நங்கூரம் ஒன்று. இரும்பால் ஆகி மரம் போர்த்திய மற்றொன்று. இரும்பு நங்கூரத்தின் குறுக்குத் தண்டைக் கழற்றி மடக்கி வைக்க முடியும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை புதிதெனக் கொண்டுவந்த நங்கூர வடிவத்தின் அடிப்படை இதுவே. அதன் எடை 1,275 ரோம இராத்தல் என்று அதன்மேலேயே பொறித்திருந்தார்கள். வெண்கல உருண்டைகளின் மேல் சுழலும் மேடையின் துண்டுகளும் கிடைத்தன. பால் பேரிங் என்று நாம் இன்று அழைப்பதன் முன்னோடி இது. 1500ஐ ஒட்டி லியனார்தோ தா வின்சி வரைந்ததற்கு முன்பு இப்படிப்பட்ட எண்ணமே யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்தார்கள். ஆனால் இங்கும் ஒரு திருத்தம் தேவை. நேமி உருண்டைகளின் இரு பக்கமும் சிறு முளைகள் உண்டு. அவை தம் இடத்தில் நின்றபடியே சுழன்றன, இன்றைய பேரிங்கின் உருண்டைகளைப் போலத் தடையின்றி உருண்டு செல்லவில்லை. அந்த மேடை சிலையைச் சுழற்றவா, பாரந்தூக்கியைத் திருப்பவா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. கப்பலடி நீரை இறைக்கும் கருவி ஒன்றைக் கைப்பிடிச் சக்கரத்தோடு மீட்டமைத்துக் காட்டியதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை; தொடர்பற்ற துண்டுகளை இணைத்துவிட்டார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அந்தப் படம் இன்னும் பல இடங்களில் உண்மையென உலவுகிறது.

கப்பல்களைக் கைவிட்டது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். கி.பி. 41 ஜனவரி 24 அன்று கலிகுலா தன் மெய்க்காவல் அதிகாரிகளாலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த கிளாடியஸ் அவருடைய சிலைகளை அகற்றச் செய்தார். அந்த வேகத்திலேயே கப்பல்களையும் ஓட்டையிட்டு மூழ்கடித்தார்கள் என்பது பெரும்பாலோர் சொல்லும் கதை. நடந்திருக்கலாம். ஆனால் ‘மூழ்கடிக்கப்பட்டது’ என்று அடித்துச் சொல்ல, கப்பலின் உடலில் வேண்டுமென்றே வெட்டிய துளையோ, எழுத்தில் ஒரு கட்டளையோ வேண்டும். இரண்டும் நம் கையில் இல்லை. மரக்கலம் என்பது நாள்தோறும் நீர் இறைக்கவும், ஆண்டுதோறும் கசிவு அடைக்கவும் ஆள் கேட்கும் பொருள். அந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்த கை நின்றுவிட்டால், சில குளிர்காலங்களிலேயே அது தானாக அமிழ்ந்துவிடும். சினத்தால் மூழ்கடித்தார்களா, கவனிப்பாரற்று மூழ்கியதா என்பதில் நான் இரண்டாவதன் பக்கம் சற்றே சாய்கிறேன். இது தொழில் அனுபவத்தின் சாய்வு, சான்றின் முடிவு அல்ல.

மூழ்கியபின் மரம் அழியாமல் இருந்ததற்குக் காரணம் சேறு. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உயிர்க்காற்று வேண்டும். ஏரியடிச் சேற்றுக்குள் அது புகாது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் மட்டும் மிக மெதுவாக மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசை அரிக்கும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளின் சட்டகம் நிற்கும். செல்லுலோஸ் போன இடத்தை நீர் நிரப்பும். பார்வைக்குப் பலகை புதிது போல இருக்கும், உண்மையில் அதன் வடிவத்தைத் தாங்குவது நீர்தான். அந்த நீரை வெளியேறவிட்டால் செல்கள் சரிந்து பலகை சுருங்கிப் பிளக்கும். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு நடந்த ஐந்நூறு ஆண்டுக் கதை முழுதும் விளங்கும்.

ஏரியில் கப்பல் இருப்பது உள்ளூர் மீனவர்களுக்கு எப்போதும் தெரியும்; வலையில் பொருள்கள் சிக்கும். 1446ஐ ஒட்டி, அந்த நிலத்துக்கு உரிமையாளராக இருந்த கர்தினால் புரோஸ்பெரோ கொலோன்னா, அதை மேலே தூக்கும்படி ஆல்பர்த்தியை ஏவினார். வெற்றுப் பீப்பாய்களைப் பிணைத்து மிதவை அமைத்து, அதன்மேல் இழுவைப் பொறிகள் வைத்து, ஜெனோவாவிலிருந்து முக்குளிப்போரை வரவழைத்துக் கொக்கிகளை மாட்டி இழுத்தார்கள். கப்பல் வரவில்லை, பிய்ந்த ஒரு துண்டுதான் வந்தது. 1535இல் பிரான்செஸ்கோ தெ மார்க்கி என்ற பொறியாளர், உடலின் மேற்பாதியை மூடும் மணி போன்ற கூட்டுக்குள் நின்று, கண்ணாடிச் சாளரம் வழியாகக் கப்பலைப் பார்த்து அளந்தார். மூழ்குகருவி கொண்டு நீரடிப் பொருளை ஆராய்ந்ததற்கு மிகப் பழைய விரிவான சான்று அவருடைய குறிப்பே. அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. 1827இல் அன்னேசியோ புஸ்கோனி எட்டுப் பேர் அமரும் மூழ்குமணியோடு வந்தார், கரையில் விருந்தினர்களைக் கூட்டிவைத்துக் காட்சியாகவே நடத்தினார். கிடைத்த மரம் கைத்தடியும் பொடி டப்பியுமாக மாறியது. 1895இல் பழம்பொருள் வணிகர் எலிசேயோ போர்கி இறங்கினார். மேலே சொன்ன வெண்கலத் தலைகள் பலவற்றை வெளியே கொண்டுவந்ததும் இரண்டாவது கப்பலைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நூற்றுக்கணக்கான மீட்டர் விட்டங்களைப் பிடுங்கிக் கரையில் காயப்போட்டதும் அவர்தான். அரசு தலையிட்டு நிறுத்தியது. பின்னர் கடற்படைப் பொறியாளர் வித்தோரியோ மல்பாத்தி ஏரியடியை அளந்து, கப்பலைத் தூக்கும் பேச்சை விட்டுவிட்டு ஏரியின் நீரை இறக்குங்கள் என்று அறிக்கை கொடுத்தார். ஐந்நூறு ஆண்டுகளில் யாருக்கும் தோன்றாத அறிவான யோசனை அது.

அந்த யோசனை முப்பது ஆண்டுகள் தூங்கிய பிறகு, ரோமப் பெருமையைத் தன் ஆட்சிக்கு அணியாகச் சூட்ட விரும்பிய முசோலினியின் காலத்தில் எழுந்தது. கலிகுலாவுக்கும் சில நூற்றாண்டுகள் முன்பே எரிமலை விளிம்பைக் குடைந்து அமைத்த, 1,600 மீட்டருக்கும் மேல் நீளமான சுரங்க வாய்க்கால் ஒன்று அங்கே இருந்தது. ஏரி பெருகிக் கோயிலைத் தொடாமல் இருக்க வெட்டியது. அதைத் தூர்வாரி, மிலானைச் சேர்ந்த ரீவா நிறுவனத்தின் பம்புகளால் நீரை இறைத்து அதன் வழியே வெளியேற்றினார்கள். பொறியாளர் குயிதோ உச்செல்லி பணியை நடத்தினார். 1928 அக்டோபர் 20 அன்று பம்புகள் ஓடத் தொடங்கின; 1929 மார்ச்சில் முதல் கப்பல் நீருக்கு மேல் தலைகாட்டியது. இறுதியில் நீர்மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் இறங்கியது. முதல் கப்பலைத் தொட்டில் போன்ற சட்டகத்தில் ஏற்றி, தண்டவாளத்தின் மேல் கரைக்கு இழுத்தார்கள். 1931 ஆகஸ்ட் 21 அன்று, மேலிருந்த நீரின் பாரம் நீங்கிய ஏரிப்படுகை பொறுக்காமல் பிதுங்கியது: ஏறத்தாழ 5 இலட்சம் கன மீட்டர் சேறு அடியிலிருந்து கிளம்ப, 30 ஹெக்டேர் அளவு படுகை உள்வாங்கியது. பணி நின்றது. இரண்டாவது கப்பல் சேற்றில் பாதி, வெயிலில் பாதியாகக் காய்ந்து சிதையத் தொடங்கியது. பிறகு மீண்டும் இறைத்து, 1932 அக்டோபரில் அதையும் கரையேற்றினார்கள். இரண்டையும் உள்ளே வைத்து அவற்றைச் சுற்றி வித்தோரியோ பாலியோ மோர்புர்கோ வடிவமைத்த அருங்காட்சியகம் எழுந்தது.

அன்றைய பேணல் முறைகளைக் குறைகூறுவது எளிது, நான் கூறமாட்டேன். ஊறிய மரத்தில் உள்ள நீரை வெளியேற்றி அந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுப் பொருளை ஏற்றும் முறை 1950களுக்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது. 1961இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து எடுக்கப்பட்ட வாசா என்ற பழைய ஸ்வீடன் போர்க்கப்பலுக்கு அந்தக் கரைசலைத் தெளிக்க 17 ஆண்டுகள் ஆயின. நேமியின் இரு கப்பல்களும் வாசாவைவிட நீளமானவை. அவற்றை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பாகவே, அந்த மருந்து இல்லாமல் காற்றில் நிறுத்தினார்கள். போர் வந்திராவிட்டால் அவை நன்றாக நின்றிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சுருங்கியும் வெடித்தும், ஓயாத பராமரிப்போடு நின்றிருக்கும் என்பதே என் மதிப்பீடு. ஆனாலும் நின்றிருக்கும்.

1944 மே 31 இரவு அருங்காட்சியகம் தீப்பற்றியது. விடிவதற்குள் இரு கப்பல்களும் கரி. அப்போது அமெரிக்கப் படைகள் ரோமை நெருங்கிக்கொண்டிருந்தன. நான்கு நாள்களில் நகரம் அவர்கள் வசமாயிற்று. பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் அருங்காட்சியகத்தை ஒட்டியே பீரங்கி நிறுத்தியிருந்தார்கள். காவலர்களை முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அன்று இரவு எட்டு மணியளவில் அமெரிக்கக் குண்டுகள் அப்பகுதியில் விழுந்தன. தீ தெரிந்தது பத்து மணியளவில். இந்த இரண்டு மணி இடைவெளிதான் வழக்கின் நெஞ்சு. இத்தாலிய விசாரணைக் குழு, ஜெர்மானிய வீரர்கள் வேண்டுமென்றே தீ வைத்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று முடிவு செய்தது. ஜெர்மானியத் தரப்பு அதை மறுத்து அமெரிக்கக் குண்டுகளைக் கைகாட்டியது. அண்மைக் காலத்தில் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலரும் ஆவணங்களை மீண்டும் புரட்டி, குண்டுவீச்சால் பற்றியிருக்கலாம் என்று வாதிடுகிறார்கள். குழு அமர்ந்தது போர் முடிந்த சூழலில், குற்றவாளி யார் என்று ஊரே முன்கூட்டித் தீர்மானித்திருந்த நேரத்தில் என்பதை மறக்கக் கூடாது. மறுபுறம், காய்ந்த மரமும் தாரும் உள்ளே பொசுங்கி இரண்டு மணி நேரம் கழித்து வெளியே தெரிவது நடக்கக்கூடியதே. எந்தப் பக்கமும் அடித்துப் பேசுபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது எது எங்கே என்ற கடைசிக் கேள்வி. வெண்கலத் தலைகளும் கைப்பிடிச் சுவரின் பகுதிகளும் தீயிலிருந்து தப்பியவை. அவற்றில் பெரும்பாலானவற்றை ரோமில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ பிரிவில் பார்க்கலாம். நேமியில் அந்த அருங்காட்சியகக் கட்டடம் சீராக்கப்பட்டு 1953இல் மீண்டும் திறக்கப்பட்டது; பெருங்கூடத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான மாதிரிகள் நிற்கின்றன. மாதிரிகள் நம்பத்தக்கவை, ஏனென்றால் எரிவதற்கு முன்பே கடற்படையினர் பலகை பலகையாக அளந்து வரைந்திருந்தார்கள். உச்செல்லியும் 1940இல் தம் பெரிய ஆய்வு நூலை வெளியிட்டுவிட்டார். இந்தக் கப்பல்களில் ஒன்றுக்கு உரியதாகக் கருதப்படும் மொசைக் துண்டு ஒன்று நெடுங்காலம் நியூயார்க்கில் ஒரு வீட்டில் காபி மேசையின் மேற்பலகையாக இருந்தது. 2017இல் அதிகாரிகள் அதைக் கைப்பற்றினார்கள், 2021 முதல் அது நேமி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது கப்பல் ஒன்று இன்னும் ஏரிக்குள் கிடக்கிறது என்ற பேச்சும் அவ்வப்போது கிளம்பும். 2017இல் ஒலியலைக் கருவிகளால் ஏரியடியைத் தேடிப் பார்த்தார்கள், கப்பல் எதுவும் தென்படவில்லை. போகும் வாய்ப்பு இருந்தால் நேமிக்கு முன்பே பலாஸ்ஸோ மாஸ்ஸிமோவுக்குப் போய்விடுங்கள். அந்த ஓநாய்த் தலையின் அளவைக் கண்ணால் கண்டபிறகு மாதிரிக் கப்பலின் முன் நின்றால்தான், அது எந்த விட்டத்தின் முனையில் இருந்திருக்கும் என்று உங்களால் கணக்கிட முடியும்.